கைத்துப்பாக்கிச் சேற்றுச் சோதனை

சேறு, மணல், புழுதி படிந்த நிலையிலும் கைத்துப்பாக்கி தடையின்றிச் சுடுகிறதா என்று கண்டறியும் தேர்வு. பெரும்பாலும் ராணுவக் கொள்முதலை ஒட்டி நடத்தப்படுகிறது. பெரும்பாலான தானியங்கிப் பிஸ்டல்களில் ஒவ்வொரு வெடிக்கும் ஸ்லைடு என்னும் மேலுறுப்பு பின்னோடி வெற்றுக் குப்பியை வெளியே தள்ளும். முன்னோடுகையில் அடுத்த தோட்டாவை ஏற்றும். ஸ்லைடு ஓடும் தடத்தில் மண் புகுந்தால் வேகம் குன்றும். தோட்டா அமரும் அறையில் புகுந்தால் ஸ்லைடு முழுதாக மூடாது.

ரிவால்வர்கள் கோலோச்சிய 19ஆம் நூற்றாண்டிலிருந்து இத்தகைய தேர்வு பற்றிக் கிடைக்கும் செய்திகள் சொற்பம்.

விரிவான பதிவுகள் அமெரிக்க ராணுவம் 1907 முதல் 1911 வரை நடத்திய பிஸ்டல் தேர்வுகளைப் பற்றியவை. பிலிப்பைன்ஸ் போரில் .38 ரிவால்வர் போதவில்லை என்ற குறையைத் தொடர்ந்து, .45 அங்குல விட்டமுள்ள ஆயுதம் தேடப்பட்டது. 1907இல் மாசசூசெட்ஸிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலையில் கோல்ட், சாவேஜ், லூகர் முதலியவை சோதிக்கப்பட்டன. அப்போது புழுதிச் சோதனையும் துருச் சோதனையும் இருந்தன. முன்னதில் பிஸ்டலைப் பெட்டிக்குள் வைத்து ஒரு நிமிடம் நுண்மணலை வீசச் செய்தனர். பிறகு வாயால் ஊதலாம், தட்டி உதறலாம், வெறுங்கையால் துடைக்கலாம்; துணி கூடாது. துருச் சோதனைக்குப் பிஸ்டலை நவச்சாரக் கரைசலில் ஊறவைத்து, மறுநாள் வரை தொங்கவிட்டுச் சுட்டனர்.

1911 மார்ச்சில் கோல்ட்டும் சாவேஜும் மட்டுமே எஞ்சின. ஒவ்வொன்றிலும் 6,000 தோட்டாக்கள் சுடப்பட்டன. நூறு சுட்டதும் சற்று ஆறவிட்டு, ஆயிரத்துக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் இட்டனர். தொட முடியாதபடி சூடேறியபோது தண்ணீரில் முக்கி எடுத்ததாகவும் கூறப்படுகிறது. ஜான் பிரௌனிங் வடிவமைத்த கோல்ட் ஒருமுறைகூடச் சிக்கவில்லை. சாவேஜ் 37 முறை தடைப்பட்டது என்பது பரவலான கணக்கு. அடுத்து மணலிலும் சேற்றிலும் புதைத்துச் சுட்டதாகப் பிற்கால நூல்கள் சொல்கின்றன. எனினும் அப்பகுதியின் விவரம் முந்தைய பகுதியைப் போலத் தெளிவாக இல்லை. மார்ச் 29 அன்று கோல்ட் ஏற்கப்பட்டது. உறுப்புகளிடையே தாராளமாக இடைவெளி விட்டதே அதன் வெற்றிக்குக் காரணம் என்பர் சிலர். உறுப்புகளின் வடிவமே காரணம் என்பர் வேறு சிலர்.

முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் லூகர் எளிதில் சிக்கியது என்ற கருத்து உண்டு. முழங்கால்போல் மடிந்து எழும் அதன் மூட்டு மேற்புறம் திறந்திருப்பதைக் காரணம் காட்டுவர். ஆயினும் ஜெர்மானியப் படை போர் முழுதும் அதைப் பயன்படுத்தியது.

1984இல் கோல்ட்டுக்கு மாற்றுத் தேடி அமெரிக்கா நடத்திய எக்ஸ்எம்9 பிஸ்டல் தேர்வில் பெரெட்டாவும் சிக் சாவரும் மட்டுமே தொழில்நுட்பத் தகுதி பெற்றன. 1985 ஜனவரியில் பெரெட்டா தேர்வானது. இக்காலச் சோதனைகளில் ஈரச்சேறு, உலர்சேறு என இருவகை உண்டு. ஈரச்சேற்றில் முக்கியெடுத்த துப்பாக்கி உடனே சுடப்படும். மற்றதில் சேறு காய்ந்து இறுகும்வரை விட்டுவைப்பர். ஸ்லைடை அசைக்கவே கைவலிமை வேண்டியிருக்கும். அடைபட்ட குழலில் சுட்டால் குழல் புடைத்து வெடிக்கக்கூடும் என்பதால் வாய்ப்பகுதியை முன்கூட்டியே மூடிவைப்பது வழக்கம்.

2003க்குப் பின் ஈராக்கில், பெரெட்டாவின் சொரசொரப்பான பூச்சுள்ள மேகசின்களில் (தோட்டா நிரப்பும் கூடுகளில்) நுண்மணல் ஒட்டித் தோட்டா மேலேறாமல் நின்றதாகப் புகார் எழுந்தது. பின்னர் வழுவழுப்பான பூச்சுடன் மேகசின்கள் வந்தன. 2017 ஜனவரியில் பெரெட்டாவுக்கு மாற்றாக சிக் சாவர் எம்17 தேர்ந்தெடுக்கப்பட்டது.