தொண்டைமான் பட்டம்

தொண்டைமான் என்பது காஞ்சிபுரத்தைத் தலைநகராகக் கொண்ட தொண்டைநாட்டுத் தலைவர்களுக்கு வழங்கிய பரம்பரைப் பட்டம். நாட்டின் பெயரே ஆள்பவர் பெயரில் ஏறியது.

தொண்டை ஒரு கொடி. சோழனுக்கும் நாககன்னிக்கும் பிறந்த குழந்தையை அக்கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விட, திரை கரைசேர்த்ததாகப் பழைய உரைகள் கூறும். திரையன் என்ற பெயருக்குச் சொல்லப்படும் காரணமும் இதுவே. சங்ககாலத்தில் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் பாடினார். அதியமானின் தூதாக ஔவையார் சென்றதும் ஒரு தொண்டைமானிடம்தான்.

12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதற்குலோத்துங்கனுக்காகக் கலிங்கத்தை வென்ற கருணாகரத் தொண்டைமானின் ஊர் வண்டாழஞ்சேரி. அது சோழநாட்டில் உள்ளது. பட்டம் அதற்குள் காஞ்சியை விட்டுத் தெற்கே போய்விட்டது. ஆனாலும் அவர் மனைவி காஞ்சி வரதராசர் கோயிலில் நந்தா விளக்கு வைத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அவரது கலிங்க வெற்றியைப் பாடும் கலிங்கத்துப்பரணியின் போர்முழக்கத்தைவிட அந்த ஒற்றை விளக்கே இக்குடும்பத்தை நமக்கு நெருக்கமாக்குகிறது.

பட்டம் நெடுநாள் நிலைத்தது புதுக்கோட்டையில். இராமநாதபுரம் கிழவன் சேதுபதியின் மைத்துனரான இரகுநாதராயத் தொண்டைமான் 1686-இல் தொடங்கிய ஆட்சி அது. மூதாதையர் தொண்டைமண்டலத்திலிருந்து வந்தவர்கள் என்பது குடும்ப வழக்கு. பரம்பரை உரிமைக்குக் கடுஞ்சோதனை மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் காலத்தில் வந்தது. 1915-இல் அவர் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். ஆங்கில அரசு அவர்களுடைய மகனை வாரிசாக ஏற்கவில்லை. மன்னர் வெளிநாட்டிலேயே வாழ்ந்து 1928-இல் பாரிசில் இறந்தார். உறவுக் கிளையிலிருந்து சிறுவன் இராசகோபாலத் தொண்டைமான் பட்டத்துக்கு வந்தார். பெற்ற மகன் இருக்க, வாரிசை முடிவு செய்தது அந்நிய அரசு. அதை நியாயம் என்று சொல்ல முடியாது.

3 மார்ச் 1948 அன்று புதுக்கோட்டை இந்தியாவுடன் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் சேர்ந்தது. 1971-இல் 26-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மன்னர் மானியத்தையும் முன்னாள் மன்னர்களுக்கான அங்கீகாரத்தையும் ஒழித்தது. 1974-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. தொண்டைமானின் புதிய அரண்மனை இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.