சோஸுக்கு முதல் பாணி இருந்தது

போன ஆனி மாதம் ஓமந்தையில் எங்கட வீட்டு முற்றத்தில் மச்சான், மச்சாள்மார் எல்லாரும் சேர்ந்து கோழி சுட்டோம். வவுனியாவில் வாங்கின பார்பிகியூ சோஸ் போத்தல் ஒன்றும் இருந்தது. அம்மம்மா விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து நக்கிப் பார்த்துவிட்டு, "இது பாணிக்குள்ள புளியும் மிளகாயும் விட்டது தானே. இதுக்கோ இவ்வளவு காசு?" என்று கேட்டா. எல்லாரும் சிரித்தார்கள். நான் போத்தலின் பின்பக்கத்தை வாசித்துப் பார்த்தேன். சீனி, வினாகிரி, தக்காளி, உப்பு, மிளகாய், புகை மணம். அம்மம்மா சொன்னது ஏறக்குறையச் சரி.

வரலாற்றைப் பாடமாக எடுத்த எனக்கு அந்தக் கேள்வியை அப்படியே விட மனம் வரவில்லை. பழத்தைக் காய்ச்சிக் கெடாமல் வைக்கிற வேலை எங்கட பக்கத்தில் எப்படி நடந்தது, அது எப்போது 'கடைச் சாமான்' ஆனது என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் பார்பிகியூ என்ற சொல். கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களின் 'பார்பகோவா' என்பதில் இருந்து அது வந்தது என்பார்கள். தடிகளைக் கட்டி உயர்த்திய ஒரு தட்டுத்தான் பார்பகோவா. அதன்மேல் இறைச்சியை வைத்துக் கீழே நெருப்பு மூட்டுவார்கள். தானியம் வைக்கவும் இதே மாதிரித் தட்டு உதவியது. வாசித்தவுடன் எனக்கு எங்கட பரண்தான் ஞாபகம் வந்தது. அடுப்புக்கு மேலே பரண், அதில் தொங்குகிற வத்தல் இறைச்சி, கீழேயிருந்து ஏறுகிற புகை. கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்கள் ஒருவரை ஒருவர் தெரியாமலே ஒரே விசயத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இனிப்பையும் இறைச்சியையும் சேர்ப்பதும் இந்தத் தீவில் புதிதில்லை. கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய 19 வருடம் சிறைப்பட்டிருந்து தப்பிய ரொபேர்ட் நொக்ஸ் 1681 இல் இலண்டனில் ஒரு புத்தகம் வெளியிட்டார். வேடர்கள் மரப்பொந்துக்குள் தேன் விட்டு, அதில் இறைச்சியை நிரப்பி, களிமண்ணால் அடைத்து வைப்பார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார்.

வன்னியில் தேனுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது பாலைப்பாணி. வைகாசி, ஆனியில் பாலைப்பழம் பழுக்கும். பிசைந்து, கொட்டையும் தோலும் போக வடித்து, கறுத்து இறுகும்வரை காய்ச்சினால் பாணி. சீனி ஒரு கரண்டியும் வேண்டாம். ஆடி, ஆவணியில் பனம்பழம் விழத் தொடங்கும். களியைப் பிசைந்து பாயில் ஊற்றி வெயிலில் காயவிட்டு, அடுத்த நாள் அதன்மேல் இன்னொரு படை. இப்படியே படை படையாகத் தடித்து வருவது பினாட்டு. அதை வெட்டி, பனம்பாணியில் மிளகு போன்ற சரக்குகளோடு ஊறவிட்டால் பாணிப்பினாட்டு. பழம், இனிப்பு, உறைப்பு. அம்மம்மா சோஸை நக்கியவுடன் அடையாளம் கண்டது இந்தக் குடும்பத்தைத்தான்.

நானும் ஒருக்கா செய்து பார்த்தேன். பழுத்த மாம்பழத்தையும் பனங்கட்டியையும் காய்ச்சி, செத்தல் மிளகாயும் உள்ளியும் அரைத்துப் போட்டுப் போத்தலில் அடைத்தேன். ஆறாம் நாள் நுரைத்து மூடியைத் தள்ளியது. "தண்ணி வத்தேல்லை" என்றா அம்மம்மா. இரண்டாம் முறை வினாகிரியும் பழப்புளிக் கரைசலும் விட்டு, அவித்துக் காயவைத்த போத்தலில் சுடச்சுட ஊற்றினேன். அது நிற்கிறது.

அந்த ஒரு வசனத்தில்தான் விசயம் இருக்கிறது. பழம் கெடாமல் இருக்க இரண்டு வழி. ஒன்று, தண்ணீரை வத்தவைத்து, கிருமி வாழ இடம் இல்லாமல் செய்வது. மற்றது, புளிப்பைக் கூட்டுவது. புளிப்பை அளக்கிற பீஎச் 4.6 இற்குக் கீழே இருந்தால், ஆளைக் கொல்லக்கூடிய பொட்டுலிசக் கிருமி வளராது. சோஸ் போத்தல் பெரும்பாலும் இரண்டாவது வழியில் நிற்கிறது. அதற்கு வினாகிரி வேண்டும், கண்ணாடிப் போத்தல் வேண்டும், காற்றுப் புகாத மூடி வேண்டும். பாணிக்கும் பினாட்டுக்கும் விறகு, வெயில், பாய், பொறுமை போதும். முதல் வகைச் சாமான் பாதையால் வரவேண்டும். இரண்டாவது வகை வளவுக்குள்ளேயே இருக்கிறது.

பாதை என்றால் என்ன என்று ஓமந்தை ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1990 இல் போர் மீண்டும் தொடங்கிய பிறகு மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் எல்லாம் தடைப் பட்டியலில் வந்தன. 1997 மே மாதம் ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கியபோது வடக்கே ஓடின குடும்பங்களில் எங்கடதும் ஒன்று. அந்தக் காலம் சீனி ஆசைக்குரிய சாமான் என்று அம்மம்மா சொல்லுவா. கடகத்துக்குள் துணியோடு துணியாகக் கொண்டுபோன பினாட்டை, பிள்ளையள் அழும்போது ஒரு துண்டு கிள்ளிக் கொடுத்தாவாம். "பழம் கிடக்கேக்க ஆரும் சாப்பிடலாம். இல்லாத நாளைக்குச் சாப்பிடத்தானே இவ்வளவு வேலையும்."

2002 போர்நிறுத்தத்தோடு ஏ-9 திறந்தது. ஓமந்தை சோதனைச்சாவடியின் பெயரானது. 2006 இல் பாதை மறுபடி மூடுப்பட்டது. 2009 இற்குப் பிறகு லொறிகள் வந்தன, லொறிகளில் போத்தல்களும் வந்தன. 2015 இல் சாவடியும் எடுபட்டது. பாதை திறந்தது நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பசியையும் தடையையும் 'எங்கட பாரம்பரியம்' என்று அழகாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் பாணி காய்ச்சத் தெரிந்த கைகள் கிழவிகளின் கைகளாக மட்டும் மிஞ்சிவிட்டன. பனைகள் பல பதுங்குகுழிகளுக்காக வெட்டுப்பட்டன. இப்போது ஆனியில் மாம்பழம் வளவுக்குள் அழுகுகிறது, நாங்கள் காசு கொடுத்து மாம்பழச் சட்னி வாங்குகிறோம்.

வன்னி வரலாறு என்றவுடன் நாங்கள் பண்டாரவன்னியனைத் தேடுவோம், இல்லாவிட்டால் ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னிக் கையேட்டைத் திறப்போம். அவை வேண்டும்தான். ஆனால் ஒரு சனம் பாதை மூடியிருந்தபோது எப்படி உயிரோடு இருந்தது என்பதும் வரலாறுதான், அதற்கான ஆவணம் அடுப்படியில் இருக்கிறது. அந்த ஆவணத்துக்கு எண்பது வயது தாண்டிவிட்டது.

அம்மம்மா சொன்னதை எல்லாம் போனில் பதிந்து, கொப்பியிலும் எழுதியிருக்கிறேன். ஒரு இடத்தில் மட்டும் அளவு இல்லை. பாணி எப்போது பதம் என்று கேட்டேன். "கரண்டியைத் தூக்கிப் பார், உனக்கே தெரியும்" என்றா. எனக்குத் தெரியவில்லை. அடுத்த ஆனிக்கு அவவோடு அடுப்படியில் நின்று படிக்க வேண்டும். உங்கட வீட்டிலும் அப்படி ஒரு ஆள் இருந்தால், இந்த முறை விடுமுறைக்குப் போகேக்க கேட்டு எழுதுங்கோ.