கொப்புளம் கண்டால் எல்லாம் அம்மையா? பெற்றோர் கவனத்திற்குச் சில தகவல்கள்

பிள்ளையின் உடம்பில் நான்கு கொப்புளங்கள் தெரிந்தாலே “அம்மா வந்திருக்கிறாள்” என்று வாசலில் வேப்பிலை செருகும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. தோட்டத்து வீடானாலும் பட்டணத்து அடுக்குமாடியானாலும், பாட்டி இருக்கும் வீட்டில் முதலில் நடப்பது இதுதான். வேப்பிலை செருகுவதால் கெடுதல் எதுவும் இல்லை. அம்மைதான் என்று முடிவு கட்டிவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை கிளினிக் பக்கமே போகாமல் இருப்பதில்தான் ஆபத்து.

நம் முன்னோர் அஞ்சிய பெரியம்மை இன்று உலகில் இல்லை. அது ஒழிக்கப்பட்டுவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. இப்போது நம் பிள்ளைகளுக்கு வருபவை வேறு கிருமிகள். ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் உண்டு.

கை, கால், வாய்ப்புண் நோய்

தாஸ்காவிலும் பாலர் பள்ளியிலும் வேகமாகப் பரவுவது இதுதான். பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தாக்கும். முதலில் காய்ச்சல், தொண்டை வலி. பிறகு வாய்க்குள் புண், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிறு கொப்புளம். சிலருக்குப் பிட்டத்திலும் வரும். எச்சில், சளி, கொப்புள நீர், மலம் ஆகியவற்றின் வழி தொற்றும். பெரும்பாலான பிள்ளைகள் 7 முதல் 10 நாளில் தேறிவிடுவார்கள்.

ஆனால், எல்லா நேரத்திலும் இது சாதாரண நோய் அல்ல. 1997இல் சரவாக்கில் இந்நோய் பரவியபோது பல குழந்தைகள் உயிரிழந்தனர். எண்டெரோவைரஸ் 71 என்னும் கிருமி மூளையையும் இருதயத்தையும் தாக்கக்கூடியது. நம் நாட்டில் இந்நோய் கண்டால் மருத்துவர்கள் சுகாதார அலுவலகத்திற்குத் தெரிவித்தாக வேண்டும்.

சின்னம்மை

கொப்புளம் நெஞ்சு, முதுகு, முகம் என்று தொடங்கி உடம்பெங்கும் பரவும், கடுமையாக அரிக்கும். ஒரே நேரத்தில் சிவந்த புள்ளி, நீர்க்கொப்புளம், காய்ந்த பொருக்கு மூன்றும் தெரிவது இதன் அடையாளம். கொப்புளம் வருவதற்கு 2 நாளுக்கு முன்பிருந்தே தொற்றும். எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பிறந்த குழந்தைகளும் அருகில் வரக்கூடாது.

தட்டம்மை

இதில் நீர்க்கொப்புளம் இருக்காது. கடும் காய்ச்சல், இருமல், சளி, கண் சிவப்பு முதலில் வரும். சில நாள் கழித்து முகத்திலும் காதுக்குப் பின்னாலும் சிவந்த தடிப்பு தோன்றி உடம்புக்கு இறங்கும். நிமோனியாவில் கொண்டுபோய் விடக்கூடிய நோய் இது. இதற்கான எம்எம்ஆர் தடுப்பூசி 9ஆம் மாதத்திலும் 12ஆம் மாதத்திலும் அரசாங்க கிளினிக்கில் போடப்படுகிறது. தவறவிட்டிருந்தால், பிள்ளையின் தடுப்பூசிப் புத்தகத்தோடு சென்று கேளுங்கள்.

காய்ச்சல் விட்டபின் வரும் தடிப்பு

6 மாதம் முதல் 2 வயது வரையுள்ள குழந்தைக்கு மூன்று, நான்கு நாள் கடும் காய்ச்சல் அடித்து, அது விட்ட கையோடு உடம்பில் ரோஜா நிறத் தடிப்பு வந்தால் பெரும்பாலும் ரோசியோலாவாக இருக்கும். தடிப்பு தானாக மறையும்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

கொப்புளத்தின் எண்ணிக்கையை வைத்து நோயின் கடுமையை அளக்க முடியாது. பிள்ளை எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

• தூக்கத்தில் அடிக்கடி திடுக்கிட்டுத் துள்ளுதல், வலிப்பு
• எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் சோர்ந்து கிடத்தல், தள்ளாடி நடத்தல்
• ஓயாத வாந்தி, மூச்சிரைப்பு, கைகால் சில்லிட்டுப் போதல்
• 6 முதல் 8 மணி நேரமாகச் சிறுநீர் போகாமை
• அழுத்தினாலும் மறையாத சிவப்பு, ஊதாப் புள்ளிகள்
• 3 மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல்

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவு என்று பார்க்காமல் புறப்படுங்கள். வண்டி இல்லையென்றால் 999ஐ அழையுங்கள். தட்டம்மை, சின்னம்மை என்று சந்தேகம் இருந்தால், கிளினிக்கிற்குள் நுழையும்போதே தாதியரிடம் சொல்லிவிடுங்கள். மற்ற பிள்ளைகளுக்குத் தொற்றாமல் தனியே உட்கார வைப்பார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

காய்ச்சலுக்குப் பிள்ளையின் எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமோல் போதும். அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மூளையையும் கல்லீரலையும் பாதிக்கும். வைரஸ் நோய்க்கு ஆண்டிபயோட்டிக் பயன்படாது. பழைய மருந்து மிச்சம் இருந்தாலும் கொடுக்காதீர்கள்.

வாய்ப்புண் உள்ள பிள்ளைக்கு ஆறிய கஞ்சி, குளிர்ந்த பால், ஐஸ்கிரீம் ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். புளிப்பும் காரமும் வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

குளிப்பாட்டக் கூடாது என்பது தவறு. வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, ஒற்றித் துடைத்தால் கொப்புளத்தில் சீழ் பிடிக்காது. நகத்தை வெட்டிவிடுங்கள். உடைந்த புண்மேல் வேப்பிலை, மஞ்சள் அரைத்துப் பூச வேண்டாம்.

பம்பர்ஸ் மாற்றிய பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். கை, கால், வாய்ப்புண் நோய்க் கிருமிக்கு சானிடைசர் மட்டும் போதாது. பிள்ளை தேறிய பிறகும் அக்கிருமி மலத்தில் பல வாரம் இருக்கும். விளையாட்டுப் பொருள்களைக் குளோரோக்ஸ் கலந்த நீரில் கழுவிக் காயவையுங்கள்.

வேலைக்கு லீவு கிடைக்காத பெற்றோருக்குப் பிள்ளையை ஒரு வாரம் வீட்டில் வைத்திருப்பது எளிதல்ல. ஆனாலும், மருந்து கொடுத்துக் காய்ச்சலை மறைத்து தாஸ்காவில் விட்டால், அங்குள்ள மற்ற பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டுக் கைக்குழந்தைகளுக்கும் நோய் போய்ச் சேரும். கிளினிக்கில் மருத்துவரிடம் கடிதம் கேட்டு வாங்கி முதலாளியிடம் பேசிப் பாருங்கள்.

மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்வது அவரவர் நம்பிக்கை. வேண்டிக்கொண்ட கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்கிற்கும் போய்விடுங்கள்.