கோடைக்கானல் வீட்டுச் சமையலில் உலக உணவுகள்: அடுப்பு, பயிர், பெயர், சடங்கு

ஆய்வுச்சுருக்கம்

கோடைக்கானலில் பிறநாட்டு உணவுகள் வீட்டுச் சமையலில் இடம்பெற்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. இவ்வுணவுகளை வெளிநாட்டார் கொண்டுவந்தனர் என்பதே பொதுவாக வழங்கும் வரலாறு. கொண்டுவந்தவர் அவர்களாயினும், அவற்றை இம்மண்ணின் உணவாக்கியவர்கள் தமிழ்ச் சமையலரும் மலை உழவருமே என்பதை அடுப்பு, பயிர், பெயர், சடங்கு ஆகிய நான்கு சான்றுகளின்வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பழனிமலை, கோடைக்கானல், உணவு வரலாறு, சமையலர், சீமைக்காய்கறி, பஞ்சாமிருதம்.

முன்னுரை

உணவு வரலாற்றாய்வாளர் முதலில் நாடும் சான்று சமையல் நூல். ஆனால் குடியேற்றக் காலச் சமையல் நூல்களை எழுதியோர் பெரும்பாலும் நாள்தோறும் அடுப்படியில் நின்றவர் அல்லர். ‘வைவர்ன்’ என்னும் புனைபெயரில் படையதிகாரி ஆர்தர் கென்னி-ஹெர்பர்ட் எழுதி 1878இல் சென்னையில் வெளிவந்த சமையல் நூல், தமிழ்ச் சமையலரை ‘ராமசாமி’ என்னும் பொதுப்பெயரால் சுட்டுகிறது. சமைத்தவரின் இயற்பெயருக்கு அங்கு இடமில்லை. ஆகவே அவரது பங்கை அறிய, அவர் செய்த வேலையின் தடயங்களையே ஆராய வேண்டியுள்ளது.

மலையின் பழைய உணவு

கோடைமலை சங்க காலத்திலேயே அறியப்பட்டது. புறநானூற்றின் 205ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார் கடியநெடுவேட்டுவனைக் கோடைமலைத் தலைவனாகப் பாடுகிறார். குறிஞ்சி நிலத்து உணவாகச் சங்க இலக்கியம் காட்டுவன தினை, தேன், கிழங்கு முதலியன. இம்மலையின் பளியர் தேனெடுத்தலிலும் காட்டுக்கிழங்கு அகழ்தலிலும் தேர்ந்தவர்கள், குன்னுவர் உழவர்கள். 1821இல் பி. எஸ். வார்டு இம்மலைகளை அளந்தபோது இங்கு ஊர்களும் உழவும் நிலைபெற்றிருந்தன. எனவே பிறநாட்டு உணவுகள் வந்து சேர்ந்தது வெற்று நிலத்தில் அன்று. சுவையறிவும் பயிரறிவும் கொண்ட மக்களிடையே ஆகும்.

மலைவாழிடமும் சமையலரும்

1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் ‘சன்னிசைடு’, ‘ஷெல்டன்’ என்னும் இரு வீடுகளைக் கட்டத் தொடங்கியதிலிருந்து கோடைக்கானல் மலைவாழிடமாயிற்று. 1863இல் வீர் ஹென்றி லெவிஞ்சு ஏரியை அமைத்தார். 1895இல் செண்பகனூரில் இயேசு சபையாரின் திரு இருதயக் கல்லூரி எழுந்தது. 1901இல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளியே இன்றைய கோடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி. அமெரிக்கர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் எனப் பல நாட்டாரின் சமையல் இவ்வாறு ஒரே மலையில் கூடியது.

மோட்டார்ச் சாலை வருமுன் ஆளும் பொருளும் மலைப்பாதையில் பெரும்பாலும் சுமையாள்களால் ஏற்றப்பட்டன. அந்நிலையில் அயல்நாட்டுச் செய்முறை கேட்கும் பொருள் கிடைக்காதபோது, கிடைப்பதைக்கொண்டு அச்சுவையை நெருங்குவதே சமையலரின் திறனாக இருந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் வீட்டுப் பணியாளர் தலைவனைக் குறிக்கும் ‘பட்லர்’ என்னும் சொல் தமிழ்நாட்டு வழக்கில் ஐரோப்பியர் வீட்டுச் சமையலரையும் குறித்தது. சமையலறையைக் குறிக்கும் ‘குசினி’ போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. அயலார் அடுப்படியில் தமிழர் நெடுங்காலம் பணிபுரிந்தமைக்கு இச்சொற்கள் சான்று.

அடுப்பு

கோடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. இவ்வுயரத்தில் நீர் 100 பாகை செல்சியசில் அன்றி ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதிக்கும். ஆகவே பருப்பும் கிழங்கும் வேக நெடுநேரமாகும். காற்றழுத்தம் குறைவதால் ரொட்டி மாவு விரைந்து பொங்கும். குளிரோ அதைத் தாமதப்படுத்தும். சமவெளியிலோ ஐரோப்பாவிலோ எழுதப்பட்ட அளவும் நேரமும் இங்கு அப்படியே பொருந்தா. விறகையும், பாத்திரத்தின் மேலும் கீழும் இட்ட தணலையும் கொண்டு அடுமனைப் பண்டம் செய்தவர், ஒவ்வொரு செய்முறையையும் இம்மலைக்கேற்பத் திருத்தியாக வேண்டும். இத்திருத்தம் ஏட்டில் ஏறாத கைப்பழக்கமாகவே வழிவழி வந்தது.

பயிரும் பெயரும்

ஆண்டீசு மலையின் உருளைக்கிழங்கு, நடு அமெரிக்காவின் சௌசௌ, வெண்ணெய்ப்பழம், ஐரோப்பியர் வழி வந்த கேரட், முட்டைக்கோசு ஆகியவை பழனிமலையில் பயிராயின. பூம்பாறை, மன்னவனூர் போன்ற ஊர்களின் படிக்கட்டு வயல்களில் கேரட்டும் உருளைக்கிழங்கும் மலைப்பூண்டுடன் அடுத்தடுத்து விளைகின்றன. கீழ்ப்பழனியின் தடியன்குடிசைத் தோட்டக்கலை ஆய்வு நிலையம் ‘டிகேடி-1’ என்னும் வெண்ணெய்ப்பழ வகையை வெளியிட்டுள்ளது.

பெயர்களும் ஏற்பின் முறையைக் காட்டுகின்றன. உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு ஆகியவை வடிவாலும், வெண்ணெய்ப்பழம் தன்மையாலும் பெயர் பெற்றன. சௌசௌவுக்கு வழங்கும் ‘பெங்களூர்க் கத்தரிக்காய்’ என்னும் பெயர், அதன் தாயகத்தை அன்றி, அது வந்த வழியைச் சுட்டுகிறது. கடுகும் உளுந்தும் தாளித்துத் தேங்காய்த் துருவல் சேர்த்ததும் கேரட் பொரியலாயிற்று. பாசிப்பருப்புடன் சேர்ந்து சௌசௌ கூட்டாயிற்று.

சடங்கின் நினைவு

நாள்தோறும் உண்ணும் உணவு மறந்த வரலாற்றைச் சடங்குணவு நினைவில் வைத்திருக்கிறது. பல குடும்பங்களில் திவசச் சமையலில் உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோசு முதலியவை ‘சீமைக்காய்’, ‘இங்கிலீஷ் காய்’ எனக் கூறி விலக்கப்படுகின்றன. வாழைக்காய், புடலை, பாகல் போன்ற நாட்டுக்காய்களே சேர்கின்றன. ஆனால் அதே குடும்பங்களின் திருமண விருந்தில் உருளைக்கிழங்குக் கறிக்குத் தடையில்லை. முன்னோர்க்குப் படைக்கும் இலையில் அயலானது, வாழ்வோர் உண்ணும் இலையில் சொந்தமாகிவிட்டது.

மலையடிவாரத்துப் பழனிப் பஞ்சாமிருதம் இதற்கு மறுதலையான சான்று. வாழைப்பழம், சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய் ஆகியவற்றுடன் மேற்காசிய வறண்ட நிலங்களின் பேரீச்சம்பழமும் அதில் சேர்கிறது. பழனிப் பஞ்சாமிருதமும் கோடைக்கானல் மலைப்பூண்டும் 2019இல் புவிசார் குறியீடு பெற்றன. பேரீச்சையை அயற்பொருள் என்று இன்று எவரும் விலக்குவதில்லை. ஓர் உணவு உள்ளூர்த்தன்மை பெறுவது அதன் பிறப்பிடத்தால் மட்டுமன்று. அதை நெடுங்காலம் கையாண்ட கைகளாலும் ஆகும்.

முடிவுரை

கோடைக்கானலின் உலக உணவு கப்பலில் வந்திறங்கிய ஒன்று மட்டுமன்று. குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் நீரோடும் ஈர விறகோடும் போராடிய சமையலரும், புதுவிதையைப் படிக்கட்டு வயலில் பழக்கிய உழவரும் சேர்ந்து ஆக்கியது அது. வீட்டின் பெயரும் ஏரி அமைத்தவரின் பெயரும் நிலைத்த மலையில், இவர்களது பெயர்கள் ‘ராமசாமி’ என்னும் பொதுப்பெயருக்குள் கரைந்தன. விறகடுப்பில் ரொட்டி சுட்ட தலைமுறை முதுமை எய்திவிட்டது. பழைய சமையலர் குடும்பங்களின் வாய்மொழிச் செய்தி, கையெழுத்துக் குறிப்பேடு, கைப்பக்குவம் ஆகியவற்றைக் கள ஆய்வின்வழி இன்றே பதிவு செய்தால், இவ்வரலாற்றில் இன்னும் சிலருக்காவது அவர்தம் சொந்தப் பெயர் கிடைக்கும்.