ஓயாத உடல்வலியும் அசதியும்: இண்டூர் வட்டாரம்

உடம்பின் பல பகுதிகளில் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி, தூங்கி எழுந்தும் தீராத அசதி, மறதி ஆகியவை சேர்ந்து வந்தால் மருத்துவர்கள் அதை ஃபைப்ரோமயால்ஜியா என்பார்கள். அசதியே முதன்மையாகி, சிறு வேலை செய்தாலும் மறுநாள் படுக்கையில் தள்ளிவிடுமானால் அது நாட்பட்ட சோர்வு நோய். ஊர்ப்புறத்தில் இரண்டுக்கும் "கைகால் குடைச்சல்", "அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்ற சொற்கள்தான். தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகும் வழியில் உள்ள இண்டூரில் இவற்றின் கதையைக் குடிதண்ணீரை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

சித்த மருத்துவம் இத்தகைய வலிகளை வாதத்தில் அடக்கியது. வாத நோய்கள் எண்பது என்பது அதன் கணக்கு. ஆங்கில மருத்துவத்தில் 1904இல் வில்லியம் கோவர்ஸ் நார்த்திசு அழற்சி என்று பொருள்படும் 'ஃபைப்ரோசைட்டிஸ்' என்ற பெயரை வைத்தார். தேடிப் பார்த்தும் அங்கே அழற்சி இல்லை. எனவே 1976இல் ஃபைப்ரோமயால்ஜியா என்ற பெயர் வந்தது. 1990இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் அமைப்பு, உடம்பில் 18 புள்ளிகளை அழுத்திப் பார்த்து 11இல் வலித்தால் இந்நோய் என்று வரையறுத்தது. 2010இல் அந்தப் புள்ளிக் கணக்கைத் தானே கைவிட்டது. தசையில் சேதம் இல்லை, நரம்பு மண்டலம் வலியைப் பெருக்கிக் காட்டுகிறது என்பதே இன்றைய விளக்கம். வலி மட்டும் பொய்யில்லை.

சோர்வு நோயாளிகள் பட்ட அவமானம் இன்னும் பெரிது. 1955இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஏறக்குறைய 300 ஊழியர்கள் இப்படிச் சாய, மருத்துவமனையையே மூட வேண்டியதாயிற்று. பதினைந்து ஆண்டு கழித்து இரு மனநல மருத்துவர்கள், நோயாளிகளைச் சோதிக்காமல் பழைய பதிவேடுகளைப் படித்தே, அதைக் கூட்டு மனப்பிறழ்ச்சி என்று எழுதினார்கள். "உனக்கு ஒன்றுமில்லை" என்ற சொல்லைப் பின்வந்த நோயாளிகள் பலர் கேட்க நேர்ந்தது.

தர்மபுரிக்கு வருவோம். இங்குள்ள கருங்கல் பாறைகளின் கனிமங்களிலிருந்து ஃபுளூரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை இந்தியத் தரக்கட்டுப்பாடு அனுமதிக்கிறது. கூடுதலான நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், முதுகும் மூட்டும் இறுகும். கிண்டி கிங் நிறுவனத்தின் எச். இ. ஷார்ட்டும் அவரது குழுவினரும் 1937இல் சென்னை மாகாணத்தில் இந்த நோயை விவரித்தார்கள். எலும்பு மாற்றம் எக்ஸ்ரேயில் தெரிவதற்கு முன்பே மூட்டுவலியும் விறைப்பும் அசதியும் தொடங்கிவிடும் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அந்தக் கட்டத்தில் இது ஃபைப்ரோமயால்ஜியாவைப் போலவே தோன்றும். ஆகவே இவ்வட்டாரத்தில் உடம்பு வலி என்று வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, குடிக்கிற தண்ணீர் எந்தக் கிணற்றுடையது என்பதே. நீரிலும் சிறுநீரிலும் ஃபுளூரைடு அளவு, தைராய்டு, இரத்தசோகை, வைட்டமின் டி ஆகியவற்றைப் பார்த்த பிறகே மற்ற பெயர்.

நீரைக் காய்ச்சினால் போதும் என்பது தவறான நம்பிக்கை; நீர் ஆவியாக ஆவியாக ஃபுளூரைடின் செறிவு கூடும். ஜப்பான் கடனுதவியுடன் அமைந்து 2013இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், காவிரி நீரைத் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவந்தது. ஃபுளூரைடு பாதிப்பைக் குறைப்பது என்ற நோக்கம் திட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே இருக்கிறது. பல ஆண்டு குடித்து எலும்பில் ஏறியதை அது உடனே இறக்கிவிடாது.

தண்ணீர் மட்டுமே காரணமும் இல்லை. மனநல மருத்துவர் விக்ரம் பட்டேலின் குழு 2005இல் வெளியிட்ட கோவா ஆய்வில், பெண்களில் சுமார் 12 விழுக்காட்டினர் ஆறு மாதத்துக்கு மேலான சோர்வைச் சொன்னார்கள். அதற்கு இரத்த ஹீமோகுளோபினோடு தொடர்பு தென்படவில்லை. வறுமையோடும் மனத்துயரோடும் தென்பட்டது. இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடும் வழக்கத்தை இந்த ஒரு முடிவே கேள்விக்குள்ளாக்குகிறது.

ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு மெல்லத் தொடங்கும் உடற்பயிற்சிக்கே வலுவான சான்று உண்டு. தூக்கத்தைச் சீர்செய்வதும், குறைந்த அளவு அமிட்ரிப்டிலின், பிரகாபலின் போன்ற மருந்துகளும் சிலருக்கு உதவும். சோர்வு நோய்க்கு அதே பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போவது கெடுதலாகலாம். சிகிச்சை நெறிமுறை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, அந்தப் பயிற்சிக்கான தன் முந்தைய பரிந்துரையை 2021இல் நீக்கியது. தெம்பு இருக்கும் அளவுக்குள் வேலையைப் பிரித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். களையெடுக்கப் போகும் பெண்ணுக்கு இது, காலையில் அரைப் பாத்தி முடித்து, உட்கார்ந்து, பிறகு மீதி என்பதாகும். கூலியைப் பிடிக்காமல் அதற்கு இடம் கொடுப்பவர் இருந்தால்.