மாலுமி என்னும் ஆசிரியர்

பரமத்தி வேலூர், மோகனூர்ப் பகுதிகளில் காவிரியைப் பரிசலில் கடந்தோர் ஓர் உண்மையை அறிவர். எதிர்த்துறையை நேராக நோக்கித் துடுப்பிட்டால் நீரோட்டம் பரிசலைத் துறைக்குக் கீழே இழுத்துச் சென்றுவிடும். ஆகவே பரிசல்காரர் துறைக்கு மேற்புறமாகவே குறிவைப்பார்.

கடலிலும் இதே கணக்குதான். மணிக்கு 4 கடல்மைல் செல்லும் கலத்தை 2 கடல்மைல் வேக நீரோட்டம் குறுக்கே தள்ளினால், கலத்தின் முகப்பை நீரோட்டத்திற்கு எதிராக 30 பாகை திருப்பினால்தான் எண்ணிய வழியில் செல்லும்.

நீரோட்டம் கண்ணுக்குத் தெரியாத நடுக்கடலில் விலகலை அறிவது எவ்வாறு? அரபுக் கடலோடிகள் துருவ விண்மீனின் உயரத்தை விரற்கடையால் அளந்தனர். அளவு கூடினால் கலம் வடக்கே விலகியுள்ளது, குறைந்தால் தெற்கே. கிழக்கு மேற்கு விலகலை அவ்விண்மீன் காட்டாது. அதற்குப் பறவைகள், கடற்பாம்புகள் போன்ற கரை அடையாளங்களும் அனுபவமுமே துணை. 1490ஆம் ஆண்டளவில் இப்னு மாஜித் நிறைவுசெய்த 'கிதாபுல் ஃபவாயித்' இக்கலையைத் தொகுத்துரைக்கிறது. இதில் தேர்ந்தவரை அரபியர் 'முஅல்லிம்', அதாவது ஆசிரியர் என்றனர். அச்சொல்லே தமிழில் 'மாலுமி' ஆயிற்று.

புறப்படும்போது ஒருமுறை திசை பார்த்ததோடு மாலுமியின் பணி முடிவதில்லை. நாமும் அன்றாடம் 17 ரக்அத் ஃபர்ளுத் தொழுகையில், ஒவ்வொரு ரக்அத்திலும் ஃபாத்திஹாவின் வழியாக நேர்வழியை வேண்டுகிறோம். வல்ல அல்லாஹ் நம்மை அவ்வழியில் நிலைபெறச் செய்வானாக. ஆமீன்.