பருவம், தேர்வு, துணை: தில்லி கிட்வாய் நகர் வட்டாரத் தமிழ்ப் பிள்ளைகளின் பள்ளிக் கல்வி

முன்னுரை

பள்ளிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பள்ளி தோன்றிய ஆண்டு, கட்டடம் எழுந்த ஆண்டு, அதனைப் பேணி வளர்த்த பெருமக்களின் தொண்டு ஆகியவற்றையே தொகுத்துரைப்பர். ஆயினும் பள்ளியின் அன்றாட வாழ்வை ஆள்பவை வேறு மூன்று ஆகும். அவை ஆண்டைப் பகுக்கும் பருவம், பருவத்தை அளந்து முடிக்கும் தேர்வு, அந்த அளவையில் பின்தங்குவோரைத் தாங்கும் துணைத் திட்டம் என்பன. இவை மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும்போது பிள்ளை தேறுகிறது. பொருந்தாதபோது அதன் சுமை பிள்ளையின் மேல் விழுகிறது. தாய்மொழி வழங்கும் நிலத்தைவிட்டுப் பெயர்ந்து வாழும் குடும்பங்களில் இவ்வுண்மை தெளிவாக வெளிப்படும். தலைநகர் தில்லியின் கிட்வாய் நகர் வட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளைகளின் பள்ளிக் கல்வியை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரசு ஊழியர் குடியிருப்பும் தமிழ்ப் பள்ளியும்

விடுதலை இந்தியாவின் முதல் தகவல் தொடர்பு அமைச்சராகவும் பின்னர் உணவு, வேளாண்மைத் துறை அமைச்சராகவும் விளங்கி 1954இல் மறைந்த ரஃபி அகமது கிட்வாயின் பெயரைத் தாங்கியது கிட்வாய் நகர். தென் தில்லியில் அரவிந்தர் சாலையை ஒட்டிக் கிழக்கு, மேற்கு என இரு பகுதிகளாக அமைந்த இக்குடியிருப்பு மத்திய அரசு ஊழியர்களுக்கென உருவாக்கப்பட்டது. லட்சுமிபாய் நகர், சரோஜினி நகர், நேதாஜி நகர் முதலியனவும் இதன் அண்டைக் குடியிருப்புகளே. இங்கு வீடு என்பது பதவிக்கும் ஊதிய நிலைக்கும் ஏற்ப ஒதுக்கப்படுவது. பணி மாறினாலும் ஓய்வு பெற்றாலும் விட்டுச்செல்ல வேண்டுவது. எனவே இவ்வட்டாரப் பள்ளிகளின் மாணவர் கூட்டம் தலைமுறை தலைமுறையாக ஒரே தெருவில் வேரூன்றிய கூட்டமன்று. அலுவலக ஆணைகளால் வந்து, அலுவலக ஆணைகளால் பிரிந்து செல்லும் கூட்டமாகும்.

தில்லித் தமிழர் கல்வி முயற்சியின் தொடக்கமும் இத்தகையதே. 1911இல் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்ட பின்னர் அரசு அலுவலகங்கள் குளிர்காலத்தில் தில்லியிலும் கோடையில் சிம்லாவிலும் இயங்கிவந்தன. சென்னை மாகாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும் கணக்கர்களும் அவற்றோடு இடம்பெயர்ந்தனர். இவ்வலுவலர்களின் பிள்ளைகளுக்கென 1923இல் மதராசிக் கல்விக் கழகம் என்னும் பெயரில் தோன்றிய அமைப்பே பிற்காலத்தில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக வளர்ந்தது. மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், மோதி பாக், பூசா சாலை, ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி ஆகிய ஏழிடங்களில் அதன் மேல்நிலைப் பள்ளிகள் அமைந்தன. இவற்றுள் பல அரசு ஊழியர் குடியிருப்புகளிலோ அவற்றின் அருகிலோ அமைந்துள்ளமை தற்செயலன்று. கிட்வாய் நகர்ப் பிள்ளைகளுக்கு அண்மையில் உள்ளது லட்சுமிபாய் நகர்ப் பள்ளி.

இரு நாள்காட்டிகளின் இடைவெளி

தமிழ்நாட்டில் கல்வியாண்டு சூன் மாதத்தில் தொடங்குவது நெடுநாள் வழக்கம். காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்னும் மூன்று தேர்வுகளும் தமிழ்க் குடும்பங்களின் பேச்சு வழக்கிலேயே காலக் குறியீடுகளாகிவிட்டன. 2012-13ஆம் கல்வியாண்டில் ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு முப்பருவ முறை புகுத்தப்பட்டபோது பாடநூல்கள் பருவந்தோறும் பிரிக்கப்பட்டன. தில்லியிலோ கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஏறத்தாழ ஆறு வாரம் வகுப்புகள் நடந்தபின் மே இரண்டாம் வாரத்தில் கோடை விடுமுறை வருகிறது. சூலையில் பள்ளி மீண்டும் திறக்கிறது. அக்டோபரை ஒட்டி ஒரு சிறு விடுமுறையும் சனவரியில் குளிர்கால விடுமுறையும் உண்டு.

இவ்விரு நாள்காட்டிகளும் வெறும் தேதி வேறுபாடு உடையன மட்டுமல்ல. தமிழ்நாட்டில் ஏப்ரல் இறுதியில் முழு ஆண்டுத் தேர்வை முடித்துவிட்டுத் தந்தையின் பணிமாற்றத்தால் தில்லிக்கு வரும் பிள்ளை, சூலையில் வகுப்பில் அமரும்போது முதல் ஆறு வாரப் பாடம் நடந்து முடிந்திருக்கும். மறுதலையாக, தில்லியில் மார்ச்சுத் தேர்வை முடித்துத் தமிழ்நாடு திரும்பும் பிள்ளைக்குச் சூன் வரை பள்ளியே இல்லை. முன்னதில் இழப்பும் பின்னதில் வெறுமையும் நேர்கின்றன.

இடமாற்றத்திற்குரிய ஊழியர்களின் பிள்ளைகளுக்கென 1963இல் தொடங்கப்பட்ட மத்தியப் பள்ளிகள் பின்னர்க் கேந்திரிய வித்யாலயங்கள் எனப் பெயர் பெற்றன. நாடு முழுதும் ஒரே பாடத்திட்டம் என்பது அவை கண்ட தீர்வு. அத்தீர்வு பிள்ளையின் படிப்புத் தொடர்ச்சியைக் காத்தது. தாய்மொழித் தொடர்ச்சியைக் காப்பது அதன் முதன்மை நோக்கமன்று. அந்த இடத்தை நிரப்பும் பொறுப்பு தமிழ்ப் பள்ளிகளிடம் வந்து சேர்ந்தது.

முதலியார் குழுவின் கனவு

பருவம், தேர்வு, துணை ஆகிய மூன்றையும் ஒருசேரக் கண்ட அறிக்கை ஒரு தமிழரின் தலைமையில் உருவானது என்பது இங்கு நினைக்கத்தக்கது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக 1942 முதல் 1969 வரை விளங்கிய ஏ. லட்சுமணசுவாமி முதலியாரின் தலைமையில் 1952இல் அமைக்கப்பட்ட இடைநிலைக் கல்விக் குழு 1953இல் தன் அறிக்கையை அளித்தது. ஆண்டுக்கு 200 வேலை நாள்களுக்குக் குறையாமை, வாரத்திற்கு ஏறத்தாழ 45 நிமிட அளவிலான 35 பாடவேளைகள், இரு மாதக் கோடை விடுமுறை, இடையே பத்து முதல் பதினைந்து நாள் வரையிலான இரு ஓய்வுகள் என்பன அதன் பரிந்துரைகள். தில்லிப் பள்ளி ஆண்டின் இன்றைய வடிவம் பெரும்பாலும் இதனோடு ஒத்துச் செல்வதைக் காணலாம்.

தேர்வைப் பற்றியும் அக்குழு தெளிவாகப் பேசியது. இடைநிலைப் படிப்பின் இறுதியில் ஒரே பொதுத் தேர்வு போதும். பள்ளி நடத்தும் அகத்தேர்வுகளுக்கும் மாணவர் பதிவேட்டிற்கும் உரிய மதிப்பு அளிக்கப்பட வேண்டும். எண்களுக்கு மாறாகக் குறியீட்டுத் தரங்கள் வழங்கலாம். தவறிய பாடத்தை மட்டும் மீண்டும் எழுத வாய்ப்பளிக்க வேண்டும் என்பன அவற்றுள் சில. இறுதியாகக் கூறிய வாய்ப்பே ‘கம்பார்ட்மெண்ட்’ என்னும் பெயரில் தில்லி வீடுகளில் இன்றும் வழங்கும் சொல். பள்ளிகளில் வழிகாட்டும் அலுவலர்கள் இருக்க வேண்டும் எனவும் குழு வற்புறுத்தியது. தேர்வின் சுமையைக் குறைப்பதும் துணையைப் பெருக்குவதும் ஒரே சீர்திருத்தத்தின் இரு பக்கங்கள் என்பது அதன் உட்கிடை.

நடைமுறை வேறாக அமைந்தது. 1929இல் இராசபுதனத்திற்கென அமைக்கப்பட்டு 1952இல் இன்றைய பெயர் பெற்ற மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 1962இல் திருத்தியமைக்கப்பட்டபோது தில்லி வாரியம் அதனுள் இணைந்தது. கோத்தாரிக் குழுவின் (1964-66) வழிவந்த புதிய அமைப்பில் 1977இல் பத்தாம் வகுப்புத் தேர்வும் 1979இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் முதன்முறையாக நடந்தன. முதலியார் குழு ஒன்று போதும் என்ற பொதுத் தேர்வு இரண்டாயிற்று. தேர்வுகள் விரைந்து பெருகின. வழிகாட்டும் அலுவலர் மெல்லவே வந்தார்.

தொடர் மதிப்பீடும் அதன் மறைவும்

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. தொடக்க வகுப்புகளுக்கு 200 நாள்கள், 800 மணி நேரம். ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு 220 நாள்கள், 1000 மணி நேரம் எனப் பள்ளி ஆண்டின் குறைந்த அளவை அது வரையறுத்தது. எட்டாம் வகுப்பு முடியும் வரை எவரையும் தேக்கிவைத்தல் கூடாது என்றும் விதித்தது.

அதே காலத்தில் மத்திய வாரியம் தொடர் முழுமை மதிப்பீட்டை நடைமுறைப்படுத்தியது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை முதற்பருவம்; அக்டோபர் முதல் மார்ச்சு வரை இரண்டாம் பருவம். வளரறி மதிப்பீடு நான்கு, ஒவ்வொன்றும் நூற்றுக்குப் பத்து. தொகுத்தறி மதிப்பீடு இரண்டு, நிலைபெற்ற வடிவில் ஒவ்வொன்றும் முப்பது. 2011 முதல் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு விருப்பத்திற்குரியதாயிற்று. முதலியார் குழு விரும்பிய குறியீட்டுத் தரமும் பள்ளிப் பதிவேடும் அரை நூற்றாண்டிற்குப் பின் உயிர் பெற்றதுபோல் தோன்றியது. ஆனால் இம்முறையிலும் நாள்காட்டி இடைவெளி பிள்ளையை விடவில்லை. முதல் வளரறி மதிப்பீட்டிற்குரிய காலம் ஏப்ரலில் தொடங்குவது. ஆகவே சூலையில் வந்து சேரும் பிள்ளை, தான் அமராத வாரங்களின் பாடத்திற்கும் மதிப்பீடு பெற வேண்டிய நிலை ஏற்பட்டது. மதிப்பீடு தொடர்ச்சியாக அமையும்போது வருகையின் தொடர்ச்சியும் இன்றியமையாததாகிறது. இடம்பெயரும் குடும்பம் அதனைத் தர இயலாது.

2018 தேர்வு முதல் பொதுத் தேர்வு மீண்டும் கட்டாயமாயிற்று. எழுத்துத் தேர்விற்கு 80, அக மதிப்பீட்டிற்கு 20 என்பது புதிய பகுப்பு. பெருந்தொற்றுக் காலத்தில் 2021-22இல் இருபருவப் பொதுத் தேர்வு ஓராண்டு மட்டும் நடந்தது. பத்தாம் வகுப்பிற்கு 2026 முதல் பிப்ரவரியில் கட்டாயத் தேர்வு, மே மாதத்தில் மூன்று பாடங்கள் வரை மேம்படுத்திக்கொள்ளும் விருப்பத் தேர்வு என்னும் முறைக்கு வாரியம் 2025இல் ஒப்புதல் அளித்தது. 2019இல் திருத்தப்பட்ட கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேக்கிவைப்பதற்கும் இடமளித்தது. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளில் தேர்வு முறை இத்துணை முறை மாறியது. ஒரு குடும்பத்தின் மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் ஒரே பள்ளியில் இருவேறு தேர்வு முறைகள் வாய்த்தமை இதனால் அரிதன்று.

மதிப்பெண் பட்டியலில் தமிழ்

தேர்வு விதிகள் தாய்மொழியைத் தொடும் இடம் நுட்பமானது. மத்திய வாரியத்தின் நெடுநாள் விதிப்படி மாணவர் எட்டாம் வகுப்பு வரை மூன்று மொழிகள் பயில வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் இரு மொழிகளே கட்டாயம். எட்டாம் வகுப்பில் மூன்றாம் மொழியில் தேறாதவர் அதே பாடத்தில் ஒன்பதாம் வகுப்பிலும், தேவையாயின் பத்தாம் வகுப்பிலும் பள்ளி அளவில் தேற வேண்டும். தேறினால் அன்றிப் பொதுத் தேர்வு எழுத இயலாது.

இவ்விதியின் விளைவுகள் இரண்டு. தமிழை மூன்றாம் மொழியாகக் கொண்ட பிள்ளைக்கு அது எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. இரண்டாம் மொழியாகக் கொண்ட பிள்ளைக்கே மதிப்பெண் பட்டியல் வரை உடன் வருகிறது. மற்றொன்று, 1968 முதல் இருமொழிக் கொள்கையைக் கொண்ட தமிழ்நாட்டிலிருந்து ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ வரும் பிள்ளைக்கு, பள்ளியில் மூன்றாம் மொழியாக அமைவது இந்தியாயின், பிறர் பல ஆண்டுகள் பயின்றதை ஓரிரு ஆண்டுகளில் எட்டிப்பிடிக்கும் கடமை நேர்கிறது.

எதிர்த் திசையிலும் இதே தேவை உண்டு. தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் 2006இல் இயற்றப்பட்டு வகுப்பு வகுப்பாக விரிந்து 2015-16இல் பத்தாம் வகுப்பை எட்டியது. பிற வாரியப் பள்ளிகளுக்கும் 2015-16 முதல் முதலாம் வகுப்பிலிருந்து அது படிப்படியாக நீட்டிக்கப்பட்டது. தில்லியில் தமிழ் பயிலாது வளர்ந்த பிள்ளை சொந்த மாநிலம் திரும்பும்போது அங்கும் அயலாகிறது. ஆகவே லட்சுமிபாய் நகர்ப் பள்ளியின் தமிழ் வகுப்பைப் பண்பாட்டுப் பற்றின் அடையாளமாக மட்டும் காண்பது முழுமையாகாது. அது திரும்பிச் செல்லும் வழியைத் திறந்துவைக்கும் ஏற்பாடுமாகும்.

துணைத் திட்டங்களின் எல்லை

மாணவர் துணைத் திட்டங்களின் வரலாற்றில் தமிழகம் முன்னோடி. சென்னை மாநகராட்சி 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவும், காமராசர் ஆட்சியில் 1956இல் விரிந்த திட்டமும், 1982இன் சத்துணவுத் திட்டமும் அறியப்பட்டவை. நாடு தழுவிய திட்டம் 1995 ஆகஸ்டு 15இல் வந்தது. சமைத்த உணவே வழங்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் ஆணையிட்டது.

பசியைத் தீர்க்கும் துணைக்கு மொழி இல்லை. படிப்பைத் தாங்கும் துணைக்கு மொழி உண்டு. தில்லி அரசு 2016இல் தொடங்கிய ‘சுனௌதி’, 2018இல் தொடங்கிய ‘மிஷன் புனியாத்’ ஆகியவை பின்தங்கிய பிள்ளைகளை அடையாளம் கண்டு தனிப்பயிற்சி அளித்தன. பின்னதில் இந்தி வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் மையமாயின. பெரும்பான்மைப் பிள்ளைகளுக்கு இது பொருத்தமான அளவுகோலே. ஆயின் புதிதாக வந்த தமிழ்ப் பிள்ளையை இதே கோலால் அளந்தால் மொழி அறியாமை அறிவுக் குறைவாகப் பதிவாகும். 2018இல் அப்பயிற்சி ஏப்ரல் முதல் சூன் வரை கோடை விடுமுறையிலும் நடந்தது. தமிழ்க் குடும்பங்கள் ஊருக்குச் செல்லும் காலமும் அதுவே. துணை வந்த நாளில் பிள்ளை ஊரில் இல்லை என்பது ஒரு திட்டத்தின் குற்றமன்று. நாள்காட்டியை நோக்காத திட்டங்கள் யாவற்றுக்கும் பொதுவான குறையாகும்.

தமிழ்ப் பள்ளிகளின் தனிச்சிறப்பு இங்குதான் புலப்படுகிறது. தில்லிப் பள்ளிக் கல்விச் சட்டம் (1973) வகுத்த ஏற்பாட்டில் உதவி பெறும் பள்ளிகளின் ஊதியச் செலவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கை அரசு ஏற்கிறது. எஞ்சிய பங்கை நடத்தும் அமைப்பே திரட்ட வேண்டும். பிள்ளையின் குறை மொழியிலா, பாடத்திலா என்று தாய்மொழியிலேயே கேட்டறியக்கூடிய ஆசிரியர் அங்கு இருப்பதே முதல் துணை. எந்தத் தேர்வுச் சீர்திருத்தமும் அவருக்கு மாற்றாகாது.

முடிவுரை

கிழக்குக் கிட்வாய் நகரின் பழைய குடியிருப்புகள் 2010க்குப் பிந்தைய ஆண்டுகளில் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுந்தன. சரோஜினி நகர், நேதாஜி நகர் உள்ளிட்ட ஏழு குடியிருப்புகளின் மறுசீரமைப்பிற்கு 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. குடும்பங்கள் கலைந்து மீண்டும் கூடும் இக்காலத்தில், குடியிருப்பை நம்பி எழுந்த பள்ளிகள் தம் மாணவர்களைப் புதிதாகத் தேடவேண்டியுள்ளது. 2023ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் பத்தாம் வகுப்பு வரை மூன்று மொழிகளையும் அவற்றுள் இரண்டு இந்திய மொழிகளாக இருத்தலையும் பரிந்துரைத்தது. எட்டாம் வகுப்போடு நின்ற தமிழ் மேலும் இரண்டாண்டு தொடர அது வாய்ப்பளிக்கக்கூடும்; மூன்றாம் மொழிச் சுமையை இரண்டாண்டு நீட்டிக்கவும் கூடும். இரண்டில் எது நிகழும் என்பது ஆசிரியர், பாடவேளை, மதிப்பீடு ஆகியவற்றை வகுக்கும் முறையைப் பொறுத்தது.

மேற்கண்ட ஆய்விலிருந்து பெறப்படுவது இதுவே: தமிழகத்திற்கு வெளியே ஒரு பள்ளியில் தமிழ் நிலைபெறுவது மொழிப்பற்றினால் தொடங்கலாம், ஆனால் நீடிப்பது பாடவேளையில் அதற்கோர் இடம், மதிப்பெண் பட்டியலில் ஒரு வரி, இடைவழியில் வந்து சேரும் பிள்ளைக்குச் சில வாரத் தனிப்பயிற்சி ஆகிய மூன்றினால். முதல் இரண்டையும் விதிகள் தரும். மூன்றாவதைப் பள்ளிதான் தர வேண்டும். ஏழு பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளும் மாற்றுச் சான்றிதழ்களும் ஆவணங்களாகப் பேணித் தொகுக்கப்படின், தலைநகர்த் தமிழரின் இடப்பெயர்வு வரலாற்றிற்கு அவை முதன்மைச் சான்றுகளாக அமையும்.